தாது வருடத்துக் கஞ்சியும் அயர்லாந்தின் உருளைக்கிழங்கும்



ரமளான் மாதத்தில் நம் இல்லங்களில் கடற்பாசி காய்ச்சாத நாள் அரிது. காய்ந்த பாசியை நீரில் ஊறவைத்து, அடுப்பிலேற்றிக் கரையுமட்டும் காய்ச்சி, வடிகட்டி, பாலும் சீனியும் ஏலமும் சேர்த்துத் தட்டில் ஊற்றி ஆறவைத்தால், நோன்பு திறக்கும் நேரத்தில் நெஞ்சைக் குளிர்விக்கும் பண்டம் ஒன்று கிடைத்து விடுகிறது. மில்லர்புரத்திலும் காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் உள்ள பெண்மணிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இந்தக் கடற்பாசிக்கு ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் ஓர் உடன்பிறப்பு உண்டு என்பதை உங்களில் எத்தனை பேர் அறிவீர்கள்? அயர்லாந்து நாட்டின் கடற்கரைப் பாறைகளில் ‘கரகீன்’ என்ற பாசி வளர்கிறது. நம் மன்னார் வளைகுடாவின் கஞ்சிப்பாசியைப் போல அதுவும் செம்பாசி இனத்தைச் சேர்ந்ததே. அந்நாட்டுப் பெண்கள் அதனைப் பறித்து வெயிலில் உலர்த்தி, பாலில் இட்டுக் காய்ச்சி, வடிகட்டி, ஆறவைத்து உண்கின்றனர். ஆயிரக்கணக்கான கல் தொலைவில், ஒருவரை ஒருவர் கண்டறியாத இரு கரையினர் ஒரே பக்குவத்தைக் கண்டறிந்திருக்கின்றனர்.

இன்று இவ்விரண்டும் விருந்துப் பண்டங்கள். ஆனால் பாசியைத் தேடிக் கரையோரம் நடந்த கால்களெல்லாம் விருந்துக்காக நடந்தவை அல்ல. அயர்லாந்தில் பெரும் பஞ்சம் தாக்கியபோது கரையோர ஏழைகள் பாசியையும் பாறையில் ஒட்டிய சிப்பியையும் பறித்து உயிர் பிழைக்க முயன்றனர். நம் கரையிலும் ‘கஞ்சிப்பாசி’ என்ற பெயரே, எளிய மக்கள் அதைக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்ததைச் சொல்லிக்கொண்டிருக்கிறது. ஆகவே இம்மாதம் அவ்விரு நாடுகளின் பசியைப் பற்றிச் சற்றுப் பேசுவோம்.

ஒரே கிழங்கை நம்பிய நாடு

அயர்லாந்து அன்று ஆங்கிலேயர் ஆட்சியின் கீழ் இருந்தது. 1841-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு வாழ்ந்தோர் ஏறத்தாழ 82 லட்சம் பேர். நல்ல நிலங்களெல்லாம் நிலக்கிழார்களிடம் இருந்தன. அங்கு விளைந்த ஓட்ஸும் கோதுமையும், வளர்ந்த மாடுகளும், எடுத்த வெண்ணெயும் இங்கிலாந்துச் சந்தைக்குக் கப்பலேறின. குத்தகையாளனுக்கும் கூலிக்காரனுக்கும் எஞ்சியது ஒரு துண்டு நிலம். அத்தனை சிறிய நிலத்தில் ஒரு குடும்பத்தின் வயிற்றை நிரப்பக்கூடிய பயிர் உருளைக்கிழங்கு ஒன்றுதான். உழைக்கும் ஆண்மகன் ஒருவன் நாளொன்றுக்கு ஐந்தாறு கிலோ கிழங்கு உண்டான் என்றால் நமக்கு வியப்பாக இருக்கும். அதனுடன் மோர். அவ்வளவே அவனது உணவு. ஏறக்குறைய 30 லட்சம் மக்கள் அக்கிழங்கையே முழுக்க நம்பியிருந்தனர். அதிலும் ‘லம்பர்’ என்ற ஒரே இனத்தையே பெரும்பாலும் பயிரிட்டனர்.

1845-இல் ஒரு பூஞ்சை போன்ற நோய் அப்பயிரைத் தாக்கியது. பச்சைப் பசேலென நின்ற செடிகள் சில நாட்களில் கருகின. மண்ணைத் தோண்டினால் கிழங்கு அழுகிய சேறாக நாறியது. 1846-இல் விளைச்சல் அநேகமாக முற்றிலும் அழிந்தது. 1852 வரை நீடித்த அத்துயரில் சுமார் 10 லட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் அமெரிக்காவுக்கும் இங்கிலாந்துக்கும் கப்பலேறினர். அத்தீவின் மக்கள்தொகை இன்றளவும் 1841-இன் எண்ணிக்கையை எட்டவில்லை.

வாசகர்களே, இங்கு ஒன்றைக் கவனியுங்கள். அழிந்தது கிழங்கு மட்டுமே. ஓட்ஸ் விளைந்தது, மாடுகள் இருந்தன. மக்கள் மாண்டுகொண்டிருந்த அதே ஆண்டுகளில் உணவுப் பொருட்கள் அந்நாட்டுத் துறைமுகங்களிலிருந்து ஏற்றுமதியாகிக்கொண்டிருந்தன. வாங்கப் பணம் இல்லாதவனுக்கு, கண்ணெதிரே செல்லும் மூட்டை கடலுக்கு அப்பால் இருப்பதற்குச் சமம்.

இலண்டனில் கருவூலத்தின் பொறுப்பில் இருந்து பஞ்ச நிவாரணத்தை நடத்தியவர் சார்லஸ் டிரெவெல்யன் என்ற அதிகாரி. சந்தையில் அரசு தலையிடலாகாது, இலவசமாக உண்பித்தால் மக்கள் சோம்பேறிகளாவர் என்பது அவரது திடமான கொள்கை. பசியால் நிற்கவும் முடியாதவர்களைக் கல்லுடைக்கவும் சாலை போடவும் அனுப்பினார்கள். அக்கூலி, ஏறிவிட்ட விலைவாசியில் ஒரு குடும்பத்துக்குப் போதவில்லை. 1847-இன் கோடையில் அரசு மனம் மாறிக் கஞ்சித் தொட்டிகளைத் திறந்தது. நாளொன்றுக்கு 30 லட்சம் பேர் வரை அங்கு உண்டனர், சாவும் குறைந்தது. செய்ய முடியும் என்பது அப்போது மெய்ப்பிக்கப்பட்டது. ஆயினும் சில மாதங்களிலேயே அத்தொட்டிகள் மூடப்பட்டன.

இந்த டிரெவெல்யன் நமக்கு அந்நியர் அல்லர். 1859-இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்து அமர்ந்தவர் அவரே. சென்னையில் ‘பீப்பிள்ஸ் பார்க்’ அமைய வழிசெய்தவர் என்று நகர வரலாறு அவரை நன்றியோடு குறிக்கிறது. ஒரே மனிதரின் பெயரைச் சென்னை பூங்காவோடும் அயர்லாந்து பட்டினியோடும் சேர்த்து நினைக்கிறது.

தாது வருடம்

டிரெவெல்யன் சென்னையை விட்டுச் சென்று பதினாறு ஆண்டுகளுக்குப் பின், 1876-இல், நம் மாகாணத்தில் மழை பொய்த்தது. அடுத்த ஆண்டும் பருவம் தவறியது. அப்பஞ்சம் தொடங்கிய ஆண்டு தமிழ் வருடக் கணக்கில் ‘தாது’ என்பதால் ‘தாது வருடப் பஞ்சம்’ என்று இன்றும் முதியோர் சொல்கின்றனர். பெல்லாரி, கர்நூல், கடப்பை, சேலம், கோயம்புத்தூர் மாவட்டங்கள் பெரிதும் அழிந்தன. தென்னிந்தியாவில் மாண்டோர் 50 லட்சத்திற்கும் மேல் என்பது ஆய்வாளர்களின் கணக்கு.

அப்போது இராஜப் பிரதிநிதியாக இருந்தவர் லிட்டன் பிரபு. 1877 ஜனவரி முதல் நாள், விக்டோரியா மகாராணி இந்தியப் பேரரசியானதைக் கொண்டாடத் தில்லியில் பெருந்தர்பார் நடத்தினார். பஞ்சத்தைப் பார்வையிட ரிச்சர்டு டெம்பிள் என்பவரைத் தெற்கே அனுப்பினார். இந்த டெம்பிள்தான் 1873–74-இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது, பர்மாவிலிருந்து அரிசியை வரவழைத்து ஏராளமான உயிர்களைக் காத்தவர். அதற்காக அவர் பாராட்டப்படவில்லை; செலவாளி என்று கண்டிக்கப்பட்டார். அந்தக் கண்டனம் அவர் மனத்தை மாற்றிவிட்டது போலும். சென்னை மாகாணத்தில் நிவாரண வேலை செய்யும் ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஓர் இராத்தல் தானியமும் ஓர் அணாவும் போதும் என்று உத்தரவிட்டார். ஓர் இராத்தல் என்பது சுமார் 450 கிராம். நாள் முழுதும் மண் சுமப்பவனுக்கு அதுவே உணவு! பெண்களுக்கும் சிறுவர்க்கும் அதிலும் குறைவு.

இதனைத் துணிந்து எதிர்த்தவர் ஒருவர் இருந்தார். மாகாணத்தின் சுகாதார ஆணையராகப் பணியாற்றிய மருத்துவர் கார்னிஷ். ஒன்றரை இராத்தல் தானியமும், அதனோடு காய்கறியும் பருப்பும் இன்றி உழைப்பவன் உடல் தேறாது என்று அவர் வாதாடினார். மனிதன் பிழைத்திருக்கக் குறைந்த அளவு எவ்வளவு என்ற விவாதம் காகிதத்தில் நடந்துகொண்டிருக்க, முகாம்களில் மக்கள் சுருண்டு விழுந்தனர். 1877 மார்ச்சில் தானியத்தின் அளவைச் சற்று உயர்த்திப் பருப்பும் சேர்த்தனர். அதற்குள் எத்தனையோ பேருக்குக் காலம் கடந்துவிட்டது.

அயர்லாந்தில் நடந்ததே இங்கும் நடந்தது. இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குக் கோதுமை சென்றுகொண்டிருந்தது. சென்னைக் கடற்கரையில் மலை மலையாகத் தானிய மூட்டைகள் அடுக்கப்பட்டிருந்ததைக் காட்டும் அக்கால நிழற்படங்கள் உள்ளன. பஞ்சம் என்பது உணவு இல்லாமையால் மட்டும் வருவதில்லை. உணவை வாங்கும் ஆற்றலை மக்கள் இழப்பதாலும் வருகிறது என்பதைப் பேராசிரியர் அமார்த்தியா சென் 1981-இல் வெளியிட்ட நூலில் விரிவாக நிறுவினார். அதை நம் பாட்டன்மார் தம் வயிற்றால் அறிந்திருந்தனர்.

நம் கரையில்

திருநெல்வேலிச் சீமை, பெல்லாரியைப் போல் முற்றிலும் அழியவில்லை. தாமிரபரணி அன்னை காத்தாள். தாது வருடத்திற்குச் சில ஆண்டுகள் முன்னதாகக் கட்டி முடிக்கப்பட்ட ஸ்ரீவைகுண்டம் அணையின் கால்வாய்கள் கடைமடை வரை நீரைக் கொண்டுசென்றன. ஆனால் ஆற்றுப் பாசனம் இல்லாத கரிசல் காடும் தேரிக்காடும் வானத்தையே பார்த்திருந்தன.

கரிசல் நிலத்தின் கதையும் அயர்லாந்தின் கதையோடு ஒட்டியதுதான். 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது அந்நாட்டுப் பஞ்சு இங்கிலாந்துக்குச் செல்வது நின்றது. நம் பஞ்சுக்கு விலை ஏறியது. கம்பும் சோளமும் விளைந்த நிலங்கள் பருத்திக்கு மாறின. பொதிகள் தூத்துக்குடியில் வந்து குவிந்து கப்பலேறின. போர் முடிந்ததும் விலை சரிந்தது. விற்பதற்கான பயிரை நம்பி, உண்பதற்கான பயிரைக் குறைத்துக்கொண்டவன் மழை தவறிய ஆண்டில் என்ன செய்வான்?

கடலாவது கைகொடுத்ததா? முத்துக்குளிப்பு நடந்தால் பரதவ சகோதரர்களும் நம்மவரும் மூழ்கி எடுத்த சிப்பியில் ஊரே பிழைக்கும். ஆனால் 1860-களின் தொடக்கத்தில் நடந்த குளிப்புக்குப் பின், சிப்பிப் பார்கள் வறண்டு, 1889 வரை தூத்துக்குடியில் முத்துக்குளிப்பே நிகழவில்லை. நிலமும் கடலும் ஒருங்கே கைவிட்ட காலம் அது.

எஞ்சிய வழி இலங்கை. தோட்ட வேலைக்காகக் குடும்பம் குடும்பமாக மக்கள் தோணியிலும் கப்பலிலும் ஏறினர். அங்கே காப்பித் தோட்டங்களை 1869 முதல் ஓர் இலைப் பூஞ்சை அரித்துக்கொண்டிருந்தது என்பதை அவர்கள் எங்ஙனம் அறிவர்? அயர்லாந்தைத் துரத்தியதும் ஒரு பயிர்நோய். நம்மவர் ஓடிப்போன இடத்தில் காத்திருந்ததும் ஒரு பயிர்நோய்.

உயிரைப் பிடித்து வைத்த மரம் ஒன்று உண்டு. அதுவே பனை. தேரி மணலில் ஆழ வேரூன்றி, மழை பொய்த்தாலும் நிற்கும் அம்மரம் பதநீர் தந்தது, நுங்கு தந்தது, பழம் தந்தது, கிழங்கு தந்தது. காய்ச்சினால் கருப்பட்டியாக ஆண்டு முழுதும் கைக்கு உதவியது. இப்பனை வாழ்வை விரிவாக எழுதி வைத்தவர்களுள் ஒருவர் கால்டுவெல். 1814-இல் அயர்லாந்தில் பிறந்து, 1841 முதல் இடையன்குடியில் வாழ்ந்து, பிற்காலத்தில் தூத்துக்குடியிலும் தங்கிய அவர், தாம் பிறந்த மண்ணின் பஞ்சம் நிகழ்ந்த ஆண்டுகளிலும் இங்கே இருந்தார். இங்கே தாது வருடம் வந்தபோதும் இங்கேயே இருந்தார்.

கொடுத்த கைகள்

அயர்லாந்தின் பஞ்சத்துக்கு முதலில் உதவிக்கரம் நீட்டிய நகரங்களுள் ஒன்று நம் கல்கத்தா. அங்கு திரட்டப்பட்ட நிதி சுமார் 14,000 பவுன். துருக்கி சுல்தான் அப்துல் மஜீத் 1,000 பவுன் அனுப்பினார். அவர் உணவுக் கப்பல்களும் அனுப்பினார் என்று துரோஹடா என்ற துறைமுக நகரத்தார் வழிவழியாகச் சொல்லி வருகின்றனர். 1995-இல் அதற்கொரு நினைவுப் பலகையும் பதித்தனர். அமெரிக்காவில் சொந்த நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டிருந்த சோக்தா என்னும் பழங்குடியினர், 1847-இல் தம் வறுமையிலும் 170 டாலர் திரட்டி அனுப்பினர். அதை மறவாத அயர்லாந்து மக்கள் 2017-இல் கார்க் மாவட்டத்தில் அவர்களுக்கு நினைவுச்சின்னம் எழுப்பினர்.

இன்னொரு நினைவும் அந்நாட்டில் உண்டு, அது கசப்பானது. அப்பஞ்சத்தில் சிலர், தம் சமயப் பிரிவில் சேர்ந்தால்தான் கஞ்சி என்று நிபந்தனை விதித்தனர். ‘கஞ்சி வாங்கியவன்’ என்ற வசைச்சொல் தலைமுறைகள் கடந்தும் அங்கே வழங்கியது. நிபந்தனையின்றிக் கொடுத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவக் குழுவினரையோ இன்றும் வாழ்த்துகின்றனர். கொடுத்த கஞ்சி இருவருடையதும் ஒன்றுதான். கொடுத்த விதம்தான் நூற்றாண்டுகளுக்கு நின்றது.

நம் நாட்டார் வழக்கில் நல்லதங்காள் கதையை அறியாதவர் யார்? பஞ்சத்தில் ஏழு மக்களுடன் அண்ணன் வீட்டை நாடி வந்தவள், அண்ணியின் கொடுஞ்சொல் தாளாமல் மக்களோடு கிணற்றில் மாய்ந்தாள். அவ்வீட்டில் உணவு இருந்தது. அண்ணன் மனத்தில் அன்பும் இருந்தது. நடுவில் ஒரு கதவு அடைபட்டிருந்தது. அயர்லாந்தின் துறைமுகத்திலும் சென்னைக் கடற்கரையிலும் அடைபட்டிருந்ததும் அதே கதவுதான்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் காலத்தில், ஹிஜ்ரி 18-இல், அரபகத்தில் கொடும் வறட்சி ஏற்பட்டது. ‘சாம்பல் ஆண்டு’ என்று வரலாறு அதனைக் குறிக்கிறது. ஷாம், இராக் ஆளுநர்களுக்கு எழுதித் தானியம் வரவழைத்து, மதீனாவில் அண்டைகள் ஏற்றி மக்களை உண்பித்தார்கள். மக்கள் வயிறார உண்ணும் காலம் வரும்வரை நெய்யும் இறைச்சியும் தமக்கு வேண்டாமென விலக்கினார்கள். தில்லித் தர்பாரையும் இதனையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பொறுப்பை உங்களிடமே விடுகிறேன்.

நம் பானை

இதையெல்லாம் ஏன் இப்போது பேச வேண்டும் என்று கேட்பீர்கள். 1880-இல் பஞ்ச ஆணையம் அறிக்கை தந்தது; பின்னர் பஞ்ச விதிகள் வந்தன; விடுதலைக்குப் பின் நியாய விலைக் கடைகள் வந்தன. தாது வருடம் திரும்பி வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆயினும் நம் கரை பசியை மறந்துவிடவில்லை. 2023 டிசம்பர் 17, 18 நாட்களை நினைத்துப் பாருங்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தூத்துக்குடித் தெருக்கள் ஆறாயின. கையில் பணம் இருந்தவர்களும் பாலுக்கும் ரொட்டிக்கும் தவித்தனர். ஸ்ரீவைகுண்டத்தில் இரயிலோடு சிக்கிக்கொண்ட நூற்றுக்கணக்கான பயணிகளுக்கு, தாமே வெள்ளத்தில் தவித்த புதுக்குடி மக்கள் தம் வீட்டு அரிசியைக் கொண்டு சமைத்துப் போட்டனர். செய்துங்கநல்லூர்ப் பள்ளிவாசலில் இந்துக் குடும்பங்கள் தங்க இடமும் உணவும் பெற்றன. அன்று எவரும் யாருக்கு எத்தனை கிராம் என்று அளக்கவில்லை.

ஆகவே இரண்டு செய்திகளை உங்கள் முன் வைக்கிறேன்.

முதலாவது, அடுக்களையைப் பற்றியது. ஒரே கிழங்கை நம்பியதால் ஒரு நாடு அழிந்தது. நம் முன்னோர் கம்பு, சோளம், குதிரைவாலி, சாமை, கேழ்வரகு, பனங்கிழங்கு என்று பலவற்றை நம்பியிருந்தனர். திருவாங்கூரில் 1880-களில் ஆண்ட விசாகம் திருநாள் மன்னர், நெல் பொய்த்தாலும் மக்கள் பிழைக்கட்டும் என்று மரவள்ளியைப் பரப்பினார். நாமோ மூன்று வேளையும் வெள்ளை அரிசி என்று சுருங்கிவிட்டோம். வாரத்தில் இரு நாளேனும் கம்பங்கூழோ சோளச்சோறோ நம் மேசைக்கு வரட்டும். பனங்கிழங்கு வரும் பருவத்தில் பிள்ளைகளுக்கு அவித்துக் கொடுங்கள். ‘இது ஏழைகளின் உணவு’ என்று அவர்கள் முகம் சுளித்தால், அந்த உணவுதான் அவர்களுடைய பாட்டனாரின் பாட்டனாரை உயிரோடு வைத்திருந்தது என்று சொல்லுங்கள். உண்ணுபவர் இருந்தால்தான் பயிரிடுபவர் இருப்பர். பனையேறியும் மரத்தில் ஏறுவார்.

இரண்டாவது, கொடுக்கும் முறையைப் பற்றியது. பஞ்சத்தின் கஞ்சித் தொட்டியையும் நம் பள்ளிவாசலின் நோன்புக் கஞ்சியையும் சற்று எண்ணுங்கள். இரண்டிலும் உள்ளது அரிசியும் நீரும்தான். நம் கஞ்சியில் பாசிப்பருப்பும் வெந்தயமும் பூண்டும் தேங்காய்ப்பாலும் சேர்கின்றன. அது பெரிய வேறுபாடு அல்ல. கஞ்சித் தொட்டியில் ஒருவர் கொடுப்பவர், மற்றவர் கையேந்துபவர். பள்ளிவாசலில் கடை முதலாளியும் அவரிடம் மூட்டை சுமப்பவரும் ஒரே விரிப்பில் அமர்ந்து, ஒரே அண்டாவின் கஞ்சியைக் குடிக்கின்றனர். தூக்குச் சட்டியோடு வரும் சிறுமியை ‘நீ யார் வீட்டுப் பிள்ளை, உனக்கு எத்தனை அகப்பை’ என்று எவரும் விசாரிப்பதில்லை. அந்த ஒரு மாதத்துப் பண்பு மற்றப் பதினொரு மாதங்களுக்கும் நீள வேண்டாமா?

உங்கள் தெருவில், கணவனை இழந்தவரோ, வேலை இழந்தவரோ, மருத்துவச் செலவில் மூழ்கியவரோ இருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு, கேட்க நாணி இருப்பார். அவரை மேடையேற்றி அரிசி மூட்டையோடு நிழற்படம் எடுக்க வேண்டாம். மஹல்லாவின் பைத்துல்மால் வழியாகவோ, நம் வீட்டுப் பிள்ளை கையில் ஒரு பாத்திரம் குழம்பு கொடுத்தனுப்பியோ, அடுத்த வீட்டுக்குப் பண்டம் அனுப்புவது போல அனுப்புங்கள். பாத்திரம் திரும்பி வரும்போது அவரும் அதில் ஏதேனும் இட்டு அனுப்புவார். ஒரு கைப்பிடி முருங்கைக் கீரையாக இருக்கலாம். அதை மகிழ்ச்சியோடு வாங்கிச் சமையுங்கள். அப்போதுதான் நீங்கள் அனுப்பியது தர்மமாக மட்டும் நில்லாமல் உறவாகவும் ஆகும்.

இவ்வாரமே அப்படி ஒரு வீட்டைத் தேடிப் பார்ப்பீர்களா? இன்ஷா அல்லாஹ், அடுத்த மாதம் சந்திப்போம். வஸ்ஸலாம்.